சட்டப்படி நான் குடிக்கவில்லை

பதினேழு. என் பிழைப்பே இந்த எண்ணில்தான் ஓடுகிறது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர். பெயர் கலியபெருமாள். விவசாயி மூட்டையைப் பிரித்துக் கொட்டுவார். நான் ஒரு பிடி அள்ளி ஈரம் பார்க்கும் மிஷினில் போடுவேன். பதினேழு சதவீதம் ஈரம் வரைக்கும் அது நெல். அதற்கு மேல் போனால் என்னைப் பொறுத்தவரை அது நெல்லே இல்லை, தண்ணீர். "களத்துல கொட்டிக் காய வச்சு எடுத்துட்டு வாங்க. அடுத்த ஆளு!" என்று சொல்லிவிட்டு நிமிர மாட்டேன். மிஷின் ரிப்பேரானாலும் எனக்குக் கவலை இல்லை. ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் போதும், எத்தனை என்று சொல்லிவிடுவேன். ஒரத்தநாடு வட்டாரத்தில் என் பல்லுக்கு இருக்கிற மரியாதை என் வீட்டில் என் சொல்லுக்குக் கிடையாது.

வீட்டில் இருக்கிற மிஷினின் பெயர் அம்சம். என் மனைவி. அவளுக்குக் கடித்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நான் செருப்பைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தே அன்றைக்கு எனக்குள் எவ்வளவு ஈரம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவளிடம் நான் வசமாக மாட்டிக்கொண்டது என் மச்சான் மனோகரன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். மனோகரன் அம்சத்துக்கு அண்ணன். தஞ்சாவூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வீடு கட்டுகிறேன் என்று கடையை அப்படியே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். சமையலறையில் டைல்ஸ், சாமி அறையில் டைல்ஸ், மாடிப்படியின் அடிவயிற்றில்கூட டைல்ஸ். கால் வைத்தால் வழுக்கியது, கண் வைத்தால் கூசியது. இதையெல்லாம் நிதானத்தோடு பார்க்க எந்த மனிதனாலும் முடியாது. அதனால் போகிற வழியிலேயே நிதானத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

மீதியெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் ஓட்டி வந்த பசுமாட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க மச்சான்" என்று தேம்பித் தேம்பி அழுதேனாம். பசு பொறுத்துக்கொண்டது. மச்சான்தான் பொறுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு.

"தை மாசம் சுடர்விழிக்கு நிச்சயம். ஞாபகம் இருக்கா?" என்றாள் அம்சம்.

"பெத்த அப்பனுக்கு ஞாபகம் இல்லாம இருக்குமா?"

"மறுபடி ஒரே ஒரு தடவை குடிச்சீங்கன்னு தெரிஞ்சாலும் சரி, சபையில உக்காந்து தட்டு மாத்தப்போறது நீங்க இல்ல. எங்க அண்ணன்."

எனக்கு மிச்சமிருந்ததும் இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் சபையில் எதிரெதிராக உட்கார்ந்து தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்வார்கள். அப்பா இல்லாத பெண்ணுக்குத்தான் வேறு யாராவது உட்காருவது. அப்பன் குத்துக்கல்லாட்டம் தூண் ஓரத்தில் நிற்க, தாய்மாமன் தட்டு மாற்றினால் அதற்கு ஊர் யாரிடமும் விளக்கம் கேட்காது. தானே எழுதிக்கொள்ளும்.

நான் யாரையும் மதிக்காதவன்தான். சர்க்காரிலிருந்து சம்பந்தி வரை எல்லாரையும் நக்கலடிக்கிறவன்தான். ஆனால் சுடர்விழி எனக்கு ஒரே பெண். அவள் நிச்சயத் தட்டு என் கையில்தான் இருக்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் எனக்கு நக்கல் இல்லாத ஆசை.

"கவலைய விடுங்க மாப்ள. நான் இருக்கேன்ல," என்று, எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்ட மனோகரன் என் தோளில் தட்டினார். அவர் இருப்பதுதான் கவலையே. தாய்மாமன் என்று மாலை போடுகிற உரிமை ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. அது போதாதென்று தட்டும் வேண்டுமாம்.

நிறைமரக்கால் நெல்லைக் கொண்டுவந்து குத்துவிளக்குக்கு முன்னால் வைத்தாள் அம்சம். நெல்லில் கை வைத்து, "இனிமே மதுவைத் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன். கை வைத்த வேகத்தில் விரல் தானாக ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தது. பதினான்கு. நல்ல நெல். சத்தியம் கெட்டியாக விழுந்துவிட்டது.

பத்து நாள் போலப் போயிருக்கும். குடிக்காதவர்கள் இந்த உலகத்தை எப்படித்தான் சகித்துக்கொள்கிறார்களோ தெரியவில்லை. டிவியில் நாலு பேர் கத்துகிறார்கள், அது விவாதமாம். வாட்ஸ்அப்பில் மச்சான் காலை வணக்கம் அனுப்புகிறார், ரோஜாப்பூவோடு. எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. அதுதான் கொடுமை.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு இராஜாங்கத்திடம் போனேன். மதுவிலக்கு சம்பந்தமான ஆபீஸில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் மதுவைப் பற்றியே படித்து, ஒரு சொட்டுகூட நாக்கில் படாமல் பென்ஷன் வாங்குகிற பிறவி. சமையல் குறிப்பைப் படித்தே வயிறு நிறைகிறவர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"அண்ணே, சட்டப்படி மதுன்னா என்ன?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"எல்லாம் வீரியத்தைப் பொறுத்தது கலியபெருமாளு. நூத்துக்கு எத்தனை பங்கு ஆல்கஹால்ங்கிறதுதான் கணக்கு. அரை சதவீதத்தைத் தாண்டலன்னா அது மதுபானமே இல்ல. ஜூஸ் மாதிரி. பியர்ல அஞ்சு வரைக்கும் சாதா. அதுக்கு மேல எட்டு வரைக்கும் ஸ்ட்ராங்கு."

"பிராந்தி?"

"நாப்பத்திரண்டு புள்ளி எட்டு."

"அடேங்கப்பா. அதை என்ன பண்ணுது சட்டம்?"

"கடை போட்டு அரசாங்கமே விக்குது."

"கள்ளு எத்தனைண்ணே?"

"மரத்தைப் பொறுத்து அஞ்சோ ஆறோ இருக்கும்."

"அதை?"

"இறக்கினா நம்ம மாநிலத்துல குத்தம். உள்ள தூக்கி வச்சிருவான்."

"பதநீர்?"

"அதுக்கு லைசென்ஸ் உண்டு. பானையில சுண்ணாம்பு தடவியிருந்தா பதநீர். தடவலன்னா வெயில் ஏற ஏற கள்ளு."

சட்டத்தின் மேல் எனக்கு அன்றைக்குத்தான் தனி மரியாதை பிறந்தது. ஆறு குற்றம், நாற்பத்திரண்டு வியாபாரம். காலையில் ஆரோக்கியம், மத்தியானம் ஜெயில், நடுவில் கால் ஸ்பூன் சுண்ணாம்பு. இப்படி ஒரு சட்டத்துக்குள் ஒரு கலியபெருமாள் நுழைய இடமில்லாமலா போகும்?

"அண்ணே, அரிஷ்டம்?"

இராஜாங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். "அது ஆயுர்வேத மருந்து. ஊறும்போது தானா கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும். யாரும் ஊத்துறது இல்ல. பன்னெண்டு சதவீதம் வரைக்கும் இருக்கலாம். மருந்தாச்சே."

அதாவது ஸ்ட்ராங் பியரைவிடப் பெரிய ஆள், மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிற ஆள், பெயரிலேயே பவ்யம் உள்ள ஆள். இராஜாங்கத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. பசுமாடு ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே லியாகத் அலியின் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பாட்டில் திராட்சாரிஷ்டம் வாங்கினேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி என்று பாட்டிலில் போட்டிருந்தது. அது குழந்தைகளுக்காக இருக்கும் என்று ஒரு டம்ளர் ஊற்றினேன். உள்ளே போனதும் காதோரம் சூடேறியது. டிவியில் கத்துகிற நாலு பேரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். மச்சானின் ரோஜாப்பூவுக்குக்கூட ஒரு நன்றி அனுப்பினேன்.

அம்சம் பின்னால் வந்து நின்றாள்.

"என்னங்க குடிக்கிறீங்க?"

"மருந்து."

"என்ன நோவு?"

"ஜீரணம் ஆக மாட்டேங்குது."

"இப்பத்தானே மூணாவது தடவை சோறு கேட்டீங்க?"

"அதுக்குத்தான் மருந்து."

பாட்டிலை வாங்கி லேபிளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்தாள். "இதுல ஆல்கஹால்னு போட்டிருக்கே?"

"தானா உண்டானது. யாரும் ஊத்தல."

"ஆரு ஊத்தினா என்னங்க? உங்களுக்கு ஏறுதா இல்லையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எழுந்து நின்றேன். வேட்டியை இறுக்கிக் கட்டினேன்.

"அம்சம், ஏறுறது வேற, சட்டம் வேற. பதினேழரை ஈரத்துல ஒருத்தன் நெல்லு கொண்டாரான். பார்க்கத் தங்கமாத்தான் இருக்கு. நான் எடுக்கிறேனா? அளவுன்னா அளவு. அதே மாதிரி பன்னெண்டுக்குள்ள இருந்தா இது மருந்து. குடிச்சவன் ஆடுறானா பாடுறானாங்கிறது கணக்கே இல்ல. உள்ள என்ன இருக்குங்கிறதுதான் கணக்கு. சட்டம் பாட்டிலைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது."

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப பாட்டில்ல இருக்கிறதை வச்சுத்தான் பேசணும். நீங்க நடந்துக்கிறதை வச்சுப் பேசக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படியேதான்! நீ வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ."

"இதே வார்த்தைய நாளைக்கு மாத்திப் பேச மாட்டீங்களே?"

"கலியபெருமாள் பதினேழுன்னா பதினேழு."

"சரிங்க. இனிமே நீங்க கடைக்கு அலைய வேணாம். நானே வாங்கியாந்து நானே ஊத்தித் தரேன். மருந்துன்னா பொம்பளைங்க கையால குடிச்சாத்தான் ஒடம்புல ஒட்டும்."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. இந்த ஊரில் புருஷன்கள் என்ன பாடு படுகிறார்கள்! கண்ணுசாமி குடித்துவிட்டு வந்தால் மாட்டுக் கொட்டகையில்தான் படுக்கை. மாடு முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இடமே கொடுக்கும். இன்னொருவர் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து வாய் நிறையக் கொய்யா இலை மென்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வீடு போய்ச் சேருகிறபோது ஒரு கொய்யாத் தோப்பே வருகிறதென்று தெரு முழுக்கத் தெரியும். கோழைகள். சட்டம் படிக்காத ஜென்மங்கள். நானோ என் வீட்டில், என் நாற்காலியில், என் பெண்டாட்டி கையால், எவர்சில்வர் டம்ளரில்.

இரண்டாவது பாட்டில் முதல் பாட்டிலைவிட நன்றாக இருந்தது. கொஞ்சம் கெட்டியாக, தித்திப்பாக. தொண்டையில் இறங்கும்போதே உச்சி வரைக்கும் போனது.

"வெதுவெதுன்னு இருக்கே?" என்றேன்.

"வெயில்ல வச்சிருந்தேங்க. மருந்துல்ல."

அதற்குப் பிறகு எனக்குத் தினமும் தீபாவளிதான். டம்ளர் பாதி இறங்கியதும் பாட்டு வரும். முழுவதும் இறங்கியதும் உலக அரசியல் வரும். ஒருநாள் அரிசிப் பானைக்கு முன்னால் நின்று, விவசாயத்தின் எதிர்காலம் பற்றிப் பேசினேன். இன்னொரு நாள் கட்டிலில் ஏறப்போய் அந்தப் பக்கமாக விழுந்தேன். அம்சம் மோவாயில் கை வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை திட்டியதில்லை. என் சட்ட ஞானத்துக்கு மயங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஒரு டம்ளர் போதாமல் போனபோதும் முறையாகத்தான் கேட்டேன்.

"அம்சம், மழை பெஞ்சா மத்திய அரசே எறங்கி வந்து பதினேழைப் பத்தொம்பது ஆக்குது, இருபது ஆக்குது. அதுக்குப் பேர் தளர்வு. இன்னிக்கு வெளில மழை."

"தூத்தல்தானே போடுது?"

"டெல்லிக் கமிட்டி வந்து ஈரம் பார்க்குறதுக்குள்ள மழை நின்னாலும் நின்னுடும். இப்பவே குடுத்துடு."

சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் ஊற்றினாள். டெல்லியில்கூட இவ்வளவு சீக்கிரம் தளர்வு கிடைத்ததில்லை.

நிச்சய நாள் வந்தது. ஒரத்தநாட்டில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளை வசந்தகுமார் கால்நடை டாக்டர். திருவையாற்றுப் பக்கம் நல்ல விவசாயக் குடும்பம். அப்பா தியாகராசன் அதிகம் பேசாதவர். அம்மா சந்திரலேகா அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர்.

மண்டபத்துக்கு எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார் மச்சான் மனோகரன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கையில் எட்டு விரலில் மோதிரம். சபையில் போட்டிருந்த ஜமுக்காளத்தில் என் இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"சும்மா மாப்ள. முட்டி மடங்குதான்னு பாத்துக்கிட்டேன். உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."

எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அத்தனை பேர் முன்னால் தட்டை வாங்கும்போது நழுவிவிட்டால்? இந்த எட்டு மோதிரமும் பாய்ந்து வந்து பிடித்துக்கொள்ளும். அம்சத்தை மண்டபத்துச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டேன்.

"மருந்து கொண்டாந்திருக்கியா?"

"இன்னிக்குமாங்க? வேணாங்க."

"இன்னிக்குத்தான் தளர்வு வேணும். பெரிய டம்ளரா."

"யோசிச்சுத்தான் கேக்குறீங்களா?"

"பன்னெண்டுக்குள்ளதானே? ஊத்து."

ஊற்றினாள். குடித்தேன். இன்னொன்று கேட்டேன். அதையும் ஊற்றினாள். நடுக்கம் நின்றது. காதோரம் வழக்கமான சூடு. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் என் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். தியாகராசனுக்கு எதிரே போய்க் கம்பீரமாக உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். பழம், பூ, புடவை, தேங்காய். கடைசியாகச் சந்திரலேகா பெருமையோடு ஒரு தாம்பாளத்தை என் முன்னால் வைத்தார். "எங்க வயல்ல நேத்து அறுத்த புது நெல்லுண்ணே. மங்கலமா இருக்கட்டும்னு மொதல் நெல்லு கொண்டாந்தோம்."

நெல்.

என் கை என்னைக் கேட்கவில்லை. ஒரு பிடி அள்ளியது. ஒரு நெல் வாய்க்குப் போனது. பல் கடித்தது.

"இருபத்திரண்டு," என்றேன்.

"என்னது இருபத்திரண்டு?" என்றார் தியாகராசன்.

"ஈரம்! எடுக்க முடியாது. களத்துல கொட்டிக் காய வச்சு எடுத்துட்டு வாங்க."

"சம்பந்தி..."

"ஆள் சிபாரிசெல்லாம் இங்க வேணாம். அடுத்த ஆளு!"

பெண் நிச்சயத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து "அடுத்த ஆளு" என்று கூப்பிட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். எனக்கோ அதற்குள் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. தியாகராசனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"என் பொண்ணை ஒரு நாள் நனைய விட்டதில்லைங்க. தார்ப்பாய் போட்டு மூடியே வளர்த்தேன். பதினாலுக்கு மேல போனதில்ல. அவளைப் போய் இருபத்திரண்டோட சேத்து அடுக்குறீங்களே!" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். மாப்பிள்ளை வசந்தகுமார் எட்ட நின்று என் கண்ணையும் மூக்கையும் கவனித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் கண்ட காளையை அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது.

"குடிச்சிருக்காரு!" என்று மண்டபமே அதிரக் கத்தினார் மனோகரன். ஓடி வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். "எந்திரிங்க மாப்ள. நான் உக்காந்துக்கிறேன். சம்பந்தி, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

தியாகராசன் துண்டை உதறித் தோளில் போட்டார். அது எழுந்திருக்கிற துண்டு. மணப்பெண் அறை வாசலில் சுடர்விழி நின்றிருந்தாள். கண் நிறையத் தண்ணீர். "அப்பா" என்றாள், அவ்வளவுதான்.

"சட்டப்படி நான் குடிக்கல!" என்று கத்தினேன். "பன்னெண்டுக்குள்ள!"

"பன்னெண்டா? காலையிலேயே பன்னெண்டு குவார்ட்டரா மாப்ள?" என்றார் மச்சான்.

அப்போதுதான் அம்சம் சபைக்கு நடுவில் வந்தாள். ஒரு கையில் பாட்டில். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"அண்ணே, அவர் மேலேர்ந்து கையை எடுங்க. அவரு குடிக்கல."

"குடிக்காத ஆளா இப்படிப் பேசுறாரு?"

"பேசுறதை வச்சு முடிவு பண்ணக் கூடாதுண்ணே. பாட்டில்ல என்ன இருக்குன்னு பார்க்கணும். அதான் சட்டம். அவரே சொல்லியிருக்காரு." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இராஜாங்கம் அண்ணே, நீங்க செத்த இப்படி வாங்க. ஆபீஸ்ல பார்த்ததெல்லாம் இப்ப ஒரு தடவை சொல்லுங்க."

இராஜாங்கம் பந்திக்காக முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். சுண்டுவிரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார். வாழ்க்கையில் முதல் சொட்டு.

"தங்கச்சி, நான் சொன்ன மாதிரியே செஞ்சியா?"

"ஆமாண்ணே. அகலப் பாத்திரத்துல ஊத்தி, பாதி சுண்டுற வரைக்கும் கொதிக்க வச்சேன். அப்புறம் வெல்லமும் தண்ணியும் சேத்து ரொப்பினேன்."

"அப்ப இதுல அரை சதவீதம்கூட நிக்காது. எல்லாம் ஆவியாப் போயிருக்கும்." இராஜாங்கம் சபையைப் பார்த்து நிமிர்ந்தார். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு அவர் இவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. "சட்டப்படி இது மதுபானம் இல்ல. திராட்சைக் கஷாயம்."

எனக்குக் காதோரத்துச் சூடு சட்டென்று அணைந்தது.

"எப்பலேர்ந்து அம்சம்?" என்றேன்.

"ரெண்டாவது பாட்டில்லேர்ந்துங்க."

ரெண்டாவது பாட்டில். அப்படியானால் அந்தப் பாட்டெல்லாம்? அரிசிப் பானை? கட்டிலுக்கு அந்தப் பக்கம்? ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, ஒவ்வொன்றும் முந்தினதைவிடத் துல்லியமாக.

மனோகரன் விடுவதாக இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும். இப்ப அழுதது, அடுத்த ஆளுன்னது, அதுக்கெல்லாம் என்ன பதிலு?"

"அதை அவரே சொல்லட்டும்." அம்சம் என் பக்கம் குனிந்தாள். பேங்கில் கையெழுத்துக் கேட்கிறவர்களின் மரியாதை அவள் குரலில் இருந்தது. "ஏங்க, குடிச்ச மயக்கத்துல பேசினீங்களா? இல்ல, சும்மாவே பேசினீங்களா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. வேறு எங்கோ குடித்துவிட்டு வந்த மயக்கம் என்றால் மானம் பிழைக்கும், ஏதோ போதையில் உளறினான் என்று ஊர் மன்னிக்கும். ஆனால் சத்தியம் போகும், தட்டு மச்சானுக்குப் போகும். சும்மாவே பேசினேன் என்றால் தட்டு எனக்கு. ஆனால் ஒரு மனிதன் வெறும் கஷாயத்தைக் குடித்துவிட்டு, பட்டப்பகலில், முழு நிதானத்தோடு, சம்பந்தியின் நெல்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று ஒரத்தநாடு முழுக்க ஆகிவிடும். கொள்முதல் நிலையத்தில் நாளைக்கு எந்த விவசாயி என் பல்லை நம்புவான்?

எட்டு மோதிரங்களும் தயாராக இருந்தன. நான் வாசல் பக்கம் பார்த்தேன். சுடர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தலையை லேசாக ஆட்டினாள்.

"சும்மாவேதான் பேசினேன்," என்றேன்.

"சபைக்குக் கேக்கலைங்க," என்றாள் அம்சம்.

"சும்மாவேதான் பேசினேன்! நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல! என் சுபாவமே இதுதான்!"

மண்டபத்தில் பெருமூச்சு விட்டார்கள். தியாகராசன் தோளிலிருந்த துண்டை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மனோகரன் ஒவ்வொரு மோதிரமாகத் திருகிக்கொண்டு பின்னால் போனார். நான் தட்டை மாற்றினேன். கை நடுங்கவே இல்லை. நடுங்குவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. சுடர்விழி சிரித்தாள், அதைப் பார்த்து எனக்கு மறுபடி அழுகை வந்தது. இந்தத் தடவை யாரும் சந்தேகப்படவில்லை. சுபாவமே அதுதான் என்று சபையில் பதிவாகியிருந்ததே.

பந்தி நடக்கும்போது நான் கை கழுவப் போனேன். தூணுக்கு அந்தப் பக்கம் சந்திரலேகா அம்சத்திடம் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். ரகசியத்தையும் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுகிற தொண்டை அவருக்கு.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. குடிச்சிருந்தாக்கூட, விடிஞ்சா தெளிஞ்சிடும்னு மனசைத் தேத்திக்கலாம். இவரு எப்பத்தான் தெளிவாரு?"

அம்சம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் அதைத்தாங்க பாத்துக்கிட்டிருக்கேன்."